ஒரே கிட்டாரில் முழுக் கச்சேரி: முதல் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு

நான் முதலில் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார் பார்க்கச் சுறா மீன் மாதிரி இருக்கும். கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் கூர்மை. கடையில் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டேன், வாசித்துப் பார்த்ததெல்லாம் அதற்கப்புறம்தான். மூன்று மாதம் கழித்து தூத்துக்குடி பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி. மூன்றாவது பாட்டில் முதல் கம்பி அறுந்தது. ஒன்று போனால் மிச்சம் ஐந்தை வைத்து ஒப்பேற்றலாம் என்றுதானே நினைப்போம்? அந்தக் கிட்டாரின் பிரிட்ஜ், அதாவது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம், ஸ்பிரிங்கில் மிதக்கிற வகை. ஒரு கம்பியின் இழுவை போனதும் ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுத்து, மற்ற ஐந்து கம்பியும் சுருதி ஏறிப் போய்விட்டன. புதுக் கம்பி போட ஆலன் கீ வேண்டும், அது வீட்டு மேசையில் பத்திரமாக இருந்தது. கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்து, "வால்யூமைக் குறைச்சுட்டு சும்மா கையை ஆட்டு தம்பி" என்றார். மிச்சம் இருந்த 20 பாட்டுக்கும் கையை ஆட்டினேன்.

அந்தக் கிட்டாரை விற்றதில் எனக்கு 11,000 ரூபாய் நட்டம். இரண்டாவதாக வாங்கியதை இன்றுவரை வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். அக்கூஸ்டிக் கிட்டாரில் ஓரளவு கை வந்து, அடுத்து மெல்லிசைக் குழுவிலோ சர்ச் கொயரிலோ கல்லூரி பேண்டிலோ வாசிக்கப் போகிறவர்களுக்கு, அதுவும் ஒரே ஒரு கிட்டார்தான் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு இது. வீட்டில் மெட்டல் மட்டும்தான் வாசிப்பேன் என்றால் சுறா மீனையே தாராளமாக வாங்கலாம், தப்பில்லை.

1. கிட்டாரைத் தேடும் முன் பாட்டுப் பட்டியல் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஆறு மாதத்தில் நீங்கள் வாசிக்க வாய்ப்புள்ள 15 பாட்டுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கிட்டார் என்ன செய்கிறது என்று ஒரே வார்த்தையில் குறியுங்கள். எங்கள் குழுப் பட்டியலில் நான்கே நான்கு வேலைகள்தான் வந்தன. சுத்தமாக, பளிச்சென்று வெட்டி வெட்டி அடிக்கிற கார்டு. மெலடிப் பாட்டில் ஒவ்வொரு கம்பியாக மீட்டி வருகிற ஆர்பெஜியோ. குத்துப்பாட்டில் டிஸ்டார்ஷனோடு, அதாவது சத்தத்தை முரட்டுத்தனமாக்கி, திரும்பத் திரும்ப அடிக்கிற கனமான ரிஃப். அப்புறம் இடையிசையில் பாடகர் மாதிரி இழுத்து வாசிக்கிற லீடு.

எல்லா வேலைக்கும் பொருந்துகிற கிட்டார் என்றால் இந்த நான்கையும் அது செய்ய வேண்டும், அதுவும் அறிவிப்பாளர் அடுத்த பாட்டின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடிய வேண்டும். 20 விதமான சத்தம் வருகிறது என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லலாம். இருட்டு மேடையில், வியர்த்த கையால், குனிந்து பார்க்காமல் உங்களால் எத்தனைக்கு மாற முடியும் என்பதுதான் கணக்கு. எனக்கு நான்கு. நன்றாக வாசிக்கிற அண்ணன்மார் பலரும் மூன்றைத் தாண்டுவதில்லை என்பதைப் பிறகு கவனித்தேன்.

2. பணத்தை முதலிலேயே பிரித்து வையுங்கள்

கையில் 40,000 இருந்தால் 40,000 ரூபாய்க் கிட்டாரை வாங்கிவிடுவதுதான் எல்லோரும் விழுகிற பள்ளம். அக்கூஸ்டிக் என்றால் வாங்கிய அன்றே வாசிக்கலாம். எலக்ட்ரிக் கிட்டார் தனியாக வந்தால் அது பாதிக் கருவிதான். நான் இரண்டாவது முறை வாங்கியபோது ஆன செலவு இது, உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்:

கிட்டார் 25,000
பிராசஸர் (கிட்டார் சத்தத்தை மாற்றித் தரும் எஃபெக்ட் பெட்டி) 8,000
செட்டப் (கழுத்து, கம்பி உயரம் சரிசெய்வது) கூலி 1,500
கேபிள் இரண்டு 1,400
பஞ்சு வைத்த பை 1,500
கம்பி மூன்று செட் 1,800
தோள்பட்டை 500
பிக், துடைக்கும் துணி இத்யாதி 300

சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் எங்கே என்று கேட்பீர்கள். கொடை மேடையில் கிட்டார் பெரும்பாலும் பிராசஸர் வழியாக நேரே மிக்சருக்குத்தான் போகிறது, வீட்டில் ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கவும் பிராசஸர் போதும். ஆம்ப் இருந்தே ஆக வேண்டும் என்றால் 10 முதல் 20 வாட்ஸ் வீட்டுக்கு ஏராளம். கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 200 ரூபாய்க் கேபிள் மேடையில் நீங்கள் நகரும்போதெல்லாம் கரகரக்கும், பழி கிட்டார் மேல் விழும்.

3. பிக்கப்: எச்.எஸ்.எஸ். கேளுங்கள்

கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுவது பிக்கப். சிங்கிள் காயில் ஒரே சுருள். சத்தம் மெல்லியதாக, பளிச்சென்று இருக்கும், ஆனால் சுற்றியிருக்கிற மின்சார இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஹம்பக்கர் இரண்டு சுருள். ஒன்று இழுக்கும் இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும், சத்தம் தடிமனாக வரும். நம்மூர் கரண்டு 50 ஹெர்ட்ஸ். சீரியல் செட், டியூப் லைட், பின்னால் ஜெனரேட்டர் என்று இருக்கிற கொடைப் பந்தலில் சிங்கிள் காயிலோடு டிஸ்டார்ஷனைப் போட்டுப் பாருங்கள், பாட்டுக்கு முன்னால் வண்டுக் கச்சேரி கேட்கும்.

எச்.எஸ்.எஸ். என்றால் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் கழுத்துப் பக்கமும் சிங்கிள் காயில். ஐந்து நிலை சுவிட்ச் இருக்கும். பின்னால் தள்ளினால் ஹம்பக்கர், குத்துப்பாட்டு ரிஃப்புக்கு. முழுவதும் முன்னால் தள்ளினால் கழுத்துப் பிக்கப், லீடுக்கும் மெதுவான மெலடிக்கும். அங்கிருந்து ஒரு படி பின்னால், நடுவும் கழுத்தும் சேர்ந்து ஒலிக்கிற நான்காவது நிலையில் வருகிற கண்ணாடி மாதிரியான சத்தம்தான் வெட்டி அடிக்கிற கார்டுக்கும் ஆர்பெஜியோவுக்கும் என் கை தானாகப் போகிற இடம். நடுப் பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றிய கிட்டார்களில் இந்த நிலையில் இரைச்சலும் அடங்கிவிடும். கடையில் சுவிட்சை மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றிக் காது கொடுங்கள், வண்டு நின்றால் அந்த வகைதான்.

டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் அணைக்கிற வசதியும் சில மாடல்களில் உண்டு, காயில் ஸ்ப்ளிட் என்பார்கள். யமஹா பசிஃபிக்கா 112வி அப்படிப்பட்டது. இருந்தால் நல்லது, இதற்காக மட்டும் 5,000 கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஃபெண்டரின் மலிவுப் பிராண்டான ஸ்குவையர், ஐபனெஸ், கோர்ட் என்று எல்லாரிடமும் எச்.எஸ்.எஸ். மாடல் கிடைக்கும். பிராண்டுச் சண்டைக்குள் நான் போகவில்லை, இந்த விலையில் ஒரே மாடலின் இரண்டு கிட்டாருக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் ஆறாவது படியை இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

ஒரு பொறி: ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டாருக்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். கேபிள் சொருகியிருக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி கேபிளோடு வைத்துவிட்டுத் தூங்கினால் மறுநாள் மேடையில் சத்தம் நைந்து போய்க் கேட்கும். முதல் கிட்டாருக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

4. பிரிட்ஜ்: பூட்டு வைத்த ட்ரெமலோ பக்கமே போகாதீர்கள்

என் சுறா மீன் கதை இங்கேதான். ட்ரெமலோ என்றால் கைப்பிடியால் ஆட்டிச் சுருதியை அசைக்கக்கூடிய பிரிட்ஜ். ஃப்ளாய்ட் ரோஸ் வகைப் பூட்டு ட்ரெமலோ செட் ஆகிவிட்டால் சுருதி நகராது, உண்மைதான். ஆனால் கம்பி மாற்ற அரை மணி நேரம். பாடகர் திடீரென்று "அரைக் கட்டை குறைச்சு வாசிங்க, தொண்டை சரியில்லை" என்று சொன்னால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள், ஏனென்றால் ஆறு கம்பியையும் இறக்கினால் பிரிட்ஜின் சமநிலை மாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெல்லிசைக் குழுவில் பாடகர் கட்டையை மாற்றாத ராத்திரி கிடையாது.

அசையாத பிரிட்ஜ் ரொம்ப உத்தமம். சாதாரண ட்ரெமலோவும் பரவாயில்லை, பின்பக்க மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு படிந்து உட்காரும்படி வைக்கச் சொல்லுங்கள். கம்பியைத் தாழ்த்தி ஆட்ட முடியும், மேலே இழுக்க முடியாது, அவ்வளவுதான் இழப்பு. அப்படி வைத்த கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை நகராது. போன ஆடியில் இதே மாதிரி இரண்டாவது கம்பி போனது, பாட்டு முடியும் வரை யாருக்கும் தெரியவில்லை.

5. எடை, கழுத்து, ஃப்ரெட்

கச்சேரி நான்கு மணி நேரம், நின்றுகொண்டே. மூன்றரைக் கிலோவுக்குள் இருக்கிற கிட்டாராகப் பாருங்கள். கிப்சனின் லெஸ் பால் வகை நான்கு கிலோவைத் தாண்டிப் போகும், கடையில் பத்து நிமிடம் மாட்டும்போது அது தெரியாது. வீட்டில் எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், யார் சிரித்தாலும் கவலைப்படாதீர்கள்.

ஃபெண்டரின் ஸ்ட்ராட் வகைக்கு கம்பி நீளம் 25.5 அங்குலம், லெஸ் பால் வகைக்கு 24.75. நீளம் கூடினால் அதே கம்பி கொஞ்சம் விறைப்பாக இருக்கும், சத்தம் தெளிவாக வரும். குறைந்தால் வளைப்பது சுலபம். நம் சினிமா மெலடியில் ஸ்வரத்தை அசைத்து, வளைத்து, சறுக்கி வாசிக்காமல் முடியாது, அதனால் 25.5 அங்குலக் கிட்டாருக்கு நான் 9–42 என்கிற மெல்லிய கம்பி செட் போடுகிறேன். கார்டு மட்டுமே அடிப்பவருக்கு கொஞ்சம் தடித்த 10–46 தாங்கும்.

ஃப்ரெட் என்றால் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை. 22 ஃப்ரெட்டா 24-ஆ என்று ரொம்ப நேரம் யோசித்தேன், வீண். 24 ஃப்ரெட் வைக்க இடம் வேண்டும் என்பதால் கழுத்துப் பிக்கப்பைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளிவிடுகிறார்கள், அந்தக் குழைவான சத்தம் கொஞ்சம் வெளுத்துப் போகிறது. மேலே உள்ள அந்த இரண்டு ஃப்ரெட்டை நான் இதுவரை எந்தப் பாட்டிலும் தேடியதில்லை.

6. கடையில் 40 நிமிடம்: இதை இந்த வரிசையில் செய்யுங்கள்

வார நாளில், காலையில் கடை திறந்ததும் போங்கள். ஞாயிறு சாயங்காலம் போனால் பக்கத்தில் ஒருவர் டிரம்ஸ் அடித்துப் பார்ப்பார், இன்னொருவர் பிள்ளைக்குக் கீபோர்டு பார்ப்பார், உங்களுக்கு ஒன்றும் கேட்காது. சென்னையில் அண்ணா சாலை பக்கம் பெரிய இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன, ஒரே மாடலில் இரண்டு மூன்றை இறக்கிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நான் முத்துநகர் எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, குளித்து, பத்தரைக்குக் கடையில் நின்றேன்.

முதலில் ஆம்பில் சொருகாதீர்கள். கடைக்காரர் சொருகி, எக்கோ எல்லாம் போட்டுக் கையில் கொடுப்பார், அப்போது எல்லாக் கிட்டாரும் தேவலோகம்தான். வெறுமனே வாங்கி, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டிக்கொண்டே போங்கள். எங்கேயாவது ஜிர்ரென்று உரசினால் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பியில் எல்லா இடத்திலும் உரசினால் அது செட்டப்பில் சரியாகும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் உரசினால் அந்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது, அந்தக் கிட்டாரை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

அப்புறம் கழுத்து நேராக இருக்கிறதா. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் சரி. இடைவெளியே இல்லை, அல்லது இரண்டு மூன்று கார்டு நுழைகிறது என்றால், கழுத்துக்குள் இருக்கிற டிரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். திருப்பியும் சரியாகவில்லை என்றால் வேண்டாம்.

உள்ளங்கையைக் கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் ரம்பம் மாதிரிக் கீறினால் பிறகு தேய்க்கக் கூலி கேட்பார்கள். முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் கழுத்தின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று ஓரத்துக்குப் போயிருந்தால் அழுத்தும்போது கம்பி வெளியே வழுக்கும்.

12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல், முதல் கம்பியை முழு ஒரு ஸ்வரம் ஏறும் அளவுக்கு வளையுங்கள். சத்தம் நடுவில் செத்துப் போகக்கூடாது. இது எனக்கு முக்கியமான சோதனை, இடையிசை லீடு முழுக்க அந்தப் பகுதியில்தான் ஓடும்.

இப்போது சொருகுங்கள், எக்கோ இல்லாமல், டிஸ்டார்ஷன் இல்லாமல். சுவிட்சின் ஐந்து நிலையிலும் ஒரே கார்டை அடியுங்கள். ஹம்பக்கருக்கு மாறும்போது கொஞ்சம் சத்தம் கூடும், அது இயல்பு. இரட்டிப்பாகத் தூக்கியடித்தால் பிக்கப் உயரம் சரியில்லை, திருகுதான், அங்கேயே சரி செய்யச் சொல்லலாம். குமிழ்களை மெதுவாகச் சுற்றுங்கள், கரகரப்பு கூடாது.

கடைசியாக டிஸ்டார்ஷன் போட்டுக்கொண்டு, கிட்டாரின் வால்யூமை 10-இலிருந்து 6-க்கு இறக்குங்கள். நல்ல கிட்டாரில் சத்தம் குறைவதோடு முரட்டுத்தனமும் வடிந்து, ஏறக்குறைய சுத்தமான சத்தமாக மாறும். சுண்டு விரலால் இதைச் செய்ய முடிகிறதா, குமிழ் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். காலால் பெடலை மிதித்து மாற்றுவதைவிட இது வேகம். மேடையில் நான் நம்பியிருப்பதில் பாதி இந்த ஒரு குமிழ்தான். இறக்கும்போது சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கிப்போனால், ஒரு சின்ன கப்பாசிட்டர் வைத்துச் சரிசெய்யலாம், அதைக் காரணம் காட்டி விலையில் பேசலாம்.

ட்யூனரில் வெறும் கம்பியைச் சேர்த்துவிட்டு அதே கம்பியை 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்திப் பாருங்கள். இரண்டும் அதே ஸ்வரத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினால் செட்டப்பில் சரியாகும். பத்து முறை ட்ரெமலோவை ஆட்டிவிட்டு மறுபடி சுருதி பாருங்கள், ஒவ்வொரு கம்பியும் எங்கோ போய் நின்றால் யோசியுங்கள்.

7. பில், வாரண்டி, அட்டைப்பெட்டி

விலை பேசி முடிந்ததும் எல்லோரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். கொஞ்சம் நில்லுங்கள்.

சொன்ன விலை ஜிஎஸ்டி சேர்த்ததா என்று பேசும்போதே கேளுங்கள், பில் போடும்போது கேட்காதீர்கள். பில்லில் மாடல் பெயர், நிறம், சீரியல் எண் மூன்றும் இருக்க வேண்டும். "எலக்ட்ரிக் கிட்டார் - 1" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து வாரண்டி கேட்டுப் போன அனுபவம் எனக்கு உண்டு: சுறா மீனுக்கு சுவிட்ச் போய், அந்தக் கடையில் "இது எங்க கிட்டார்தான்னு என்ன சாட்சி" என்று கேட்டார்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அங்கேயே போட்டு வாங்குங்கள். கழுத்து வளைவும் மின் பாகங்களும் வாரண்டிக்குள் வருமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இறக்குமதிக் கிட்டாரின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதமும் வருடமும் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லாமல் பெட்டி வந்தால் எந்த வழியாக வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை.

தவணையில் வாங்கினால் பான், ஆதார், வங்கி விவரம் கொண்டுபோக வேண்டும். வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் பிராசசிங் கட்டணம், வட்டித் தொகை மேல் ஜிஎஸ்டி என்று ஏதாவது வரும், மொத்தம் எவ்வளவு கட்டப் போகிறோம் என்று ஒரே எண்ணாக எழுதி வாங்குங்கள்.

பழைய கிட்டார் என்றால் விற்பவரிடம் அசல் பில்லின் படமாவது கேளுங்கள், சீரியல் எண்ணைக் கிட்டாரோடு ஒப்பிடுங்கள். பணத்தை யுபிஐ வழியாகக் கொடுத்தால் பதிவு இருக்கும். தலையும் கழுத்தும் சேருகிற இடத்தை மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒட்டு போட்டிருந்தால் அங்கேதான் கோடு தெரியும்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற மாமா, சித்தப்பா மூலம் வரவழைக்க நினைக்கிறவர்களுக்கு: வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மதிப்புக்கு வரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் போடும்போதே சுங்கத்துறை இணையதளத்தில் பார்த்துவிடுங்கள், பில் அவர் கையில் இருக்கட்டும். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடைக்குமா என்றும் முன்பே கேளுங்கள். ரோஸ்வுட் இருந்தால் பிடிப்பார்கள் என்று இன்னமும் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பிரேசில் ரோஸ்வுட் தவிர மற்ற ரோஸ்வுட் வைத்துச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து சைட்டிஸ் (CITES) என்கிற பன்னாட்டு ஒப்பந்தத்தின் அனுமதிச் சீட்டு தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து ஆம்ப் மட்டும் வாங்கிவரச் சொல்லாதீர்கள். அது 120 வோல்ட், நம் 230-இல் நேரே சொருகினால் புகை.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைத் திறப்பதிலிருந்து வீடியோ எடுங்கள், திருப்பி அனுப்பும் நாள் கெடுவுக்குள் மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

8. செட்டப்: கச்சேரிக்கு ஒரு மாதம் முன்பே வாங்குங்கள்

புதுக் கிட்டாருக்கு எதற்கு செட்டப் என்று நானும் கேட்டேன். கடையின் ஏசியில் ஆறு மாதம் தொங்கிய மரம், தூத்துக்குடிக் கடல் காற்றுக்கு வந்தால் கழுத்து கொஞ்சம் நகரத்தான் செய்யும். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் வாசித்துவிட்டு, பிறகு டெக்னீஷியனிடம் கொடுங்கள். நல்ல ஆளிடம் வரிசை இருக்கும், ஆடி, பங்குனியில் கொடை நெருக்கத்தில் ஒரு வாரம்கூட ஆகும்.

நான் போனது மதுரையில் ஒரு பெரியவரிடம். கிட்டாரைத் துண்டு விரித்த மேசையில் படுக்க வைத்து, 12-ஆவது ஃப்ரெட் மேல் ஒரு சின்ன இரும்பு ஸ்கேலை நிறுத்தினார். "முதல் கம்பி 1.6, ஆறாவது 2 மில்லி. இதுக்குக் கீழே இறக்கச் சொல்லாதீங்க தம்பி, நீங்க ஓங்கி அடிக்கிற ஆளு" என்றார். நான் அதுவரை அவர் முன்னால் ஒரு கார்டுகூட அடிக்கவில்லை, பிக்கின் தேய்ந்த முனையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒவ்வொரு கம்பியாக நட்டிலிருந்து, அதாவது கழுத்தின் தலைமுனையில் கம்பி பதிகிற பள்ளங்கள் உள்ள துண்டிலிருந்து தூக்கி, பென்சில் முனையால் அந்தப் பள்ளத்தில் கறுப்பாகத் தீட்டினார். ட்யூன் செய்யும்போது டிங் டிங்கென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்ததே, அது கம்பி நட்டில் சிக்கிச் சிக்கி வழுக்குகிற சத்தமாம். அந்தப் பென்சில் வேலைக்கப்புறம் வளைத்து வாசித்தாலும் மூன்றாவது கம்பி சுருதி விலகவில்லை. ட்யூனிங் கீயை மாற்ற 4,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தேன், மிச்சம்.

டிரஸ் ராடை நீங்களே திருப்ப ஆசைப்பட்டால் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பிவிட்டு மறுநாள் வரை பொறுத்துப் பாருங்கள்.

9. மேடைக்குப் போகும் முன்

பிராசஸருக்கும் பெடலுக்கும் 9 வோல்ட் அடாப்டர், பெரும்பாலானவற்றில் நடு முனை நெகட்டிவ். வீட்டு வைஃபை பெட்டியின் அடாப்டர் அதே ஓட்டையில் பொருந்தும், ஆனால் அது பொதுவாக 12 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். எங்கள் பேஸ் கிட்டார் தம்பி அப்படித்தான் ஒரு பெடலைக் கொன்றான். அடாப்டர் மேல் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

எர்த்தில் விளையாடக் கூடாது. கிட்டாரின் கம்பிகள் உள்ளே எர்த் லைனோடுதான் இணைந்திருக்கின்றன. மைக் செட் ஒரு இடத்திலிருந்தும் உங்கள் ஆம்ப் வேறு இடத்திலிருந்தும் கரண்டு எடுத்து, ஒன்றில் எர்த் சரியில்லாமல் இருந்தால், கோரஸ் பாட உதட்டை மைக்கில் வைக்கும்போது சுரீரென்று அடிக்கும். எனக்கு அடித்திருக்கிறது. சவுண்டு அண்ணனிடம் போய் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து லைன் கேளுங்கள், சாக்கெட் டெஸ்டர் பிளக் ஒன்றை வாங்கிப் பையில் போடுங்கள், மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டச் சொல்லுங்கள். இரைச்சல் குறையும் என்று மூன்றாவது பின்னை உடைக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கம்பி கடற்கரை ஊர்களில் மூன்று வாரத்தில் துரு பிடிக்கத் தொடங்கும். வாசித்து முடித்ததும் மேலும் கீழும் துடைத்து, பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் எனக்கு ஆறு வாரம் வருகிறது. கச்சேரிக்குப் புதுக் கம்பி வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் இழுத்து இழுத்து ட்யூன் செய்து பழக்குங்கள். அன்று சாயங்காலம் போட்ட கம்பி நான்காவது பாட்டு வரை இறங்கிக்கொண்டே இருக்கும்.

பையின் முன் ஜிப்பில் என்னிடம் எப்போதும் இருப்பவை: ஒரு செட் கம்பி, தனியாக மூன்று முதல் கம்பி, கம்பி வெட்டுகிற சின்னக் குறடு, இன்னொரு கேபிள், பென்சில், அப்புறம் ஆலன் கீ. இப்போதிருக்கிற கிட்டாரில் அந்த ஆலன் கீயை மாதத்துக்கு ஒரு முறைகூட எடுப்பதில்லை, ஆனாலும் கிளம்பும்போது ஜிப்பைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன்.